செங்கமலம் அன்பளிப்பு

பெரம்பலூர் கோர்ட்டில் இருபத்து மூன்று வருடமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். பெயர் மணிவண்ணன். என் பெயரைக் கேட்கிறவர்கள் குறைவு. "எவ்ளோ கெடைக்கும்?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். வக்கீலிடம் கேட்கப் பயந்துகொண்டு வராந்தாவில் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்பார்கள். நானும் சந்தையில் கத்திரிக்காய் விலை சொல்வதுபோலச் சொல்வேன்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டினாயா, பத்தாயிரம் எடுத்து வை. காசு வைத்துச் சீட்டாடினாயா, சில நூறு ரூபாய், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். கெட்ட வார்த்தை சொல்லிக் கன்னத்தில் அறைந்த கேஸ் என்றால் ஆயிரம், இரண்டாயிரம். அதற்குள் அடித்தவரும் அடி வாங்கியவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி ஒரே கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். ஆடு திருடினால் மூன்று வருடம் வரை என்று புத்தகத்தில் இருக்கும். முதல் தடவை என்றால் சில மாதங்களோடு ஆளை விட்டுவிடுவார்கள். புத்தகத்தில் இருப்பது வேறு, கோர்ட்டில் கிடைப்பது வேறு. நடுவில் இருக்கும் அந்த வித்தியாசம்தான் என் படிப்பு.

இரண்டாயிரத்து இருபத்து நாலு ஜூலையில் சட்டத்தையே மாற்றிப் பழைய நம்பர்களை எல்லாம் கலைத்துவிட்டார்கள். நானூற்று இருபது இப்போது முந்நூற்றுப் பதினெட்டாம். ஒருவனைத் திட்டுவதற்குக்கூடப் புது நம்பர் பழக வேண்டியதாயிற்று. இருபது வருட மனப்பாடம் வீணாகப் போன எரிச்சலில் இருந்த அந்த மாதங்களில்தான் செங்கமலம் அக்காவின் கேஸ் வந்தது. என் எரிச்சலும் அலட்சியமும் சேர்ந்து ஒரு பெண்ணை ஜெயில் வாசல் வரைக்கும் கொண்டுபோன கதை இது. அதனால் அவரைப் பற்றி முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் அவருடைய ஊர். பெயர் வேண்டாம். செங்கமலம் அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. புருஷன் செத்துப் பதினெட்டு வருடம், பிள்ளை இல்லை, நிலம் இல்லை. சின்ன வெங்காயத்தில் காய்ந்த தாளை அறுத்தெடுக்கும் கூலி வேலைக்குப் போவார். அது இல்லாத நாளில் மக்காச்சோளக் காட்டில் வேலை. நல்ல உயரம். குரலும் அதே உயரம்.

அந்த ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது தண்ணீர் மோட்டார் எரிந்துபோகும். மனு கொடுப்பார்கள், ஒன்றும் நடக்காது. பத்து நாள் பார்த்துவிட்டுப் பெண்கள் காலிக் குடத்தோடு ரோட்டில் உட்காருவார்கள். சிமெண்ட் லாரிகள் இரண்டு பக்கமும் மைல் கணக்கில் நின்றதும் அதிகாரிகள் ஓடி வருவார்கள், சாயங்காலத்துக்குள் தண்ணீர் வரும். உட்கார்ந்தவர்களைப் போலீஸ் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து, சாம்பார் சாதம் போட்டு, இருட்டுவதற்குள் அனுப்பிவிடும். ஆனால் கேஸ் ஒன்று போட்டாக வேண்டும். அதற்குப் பன்னிரண்டு பேராவது பெயர் கொடுக்க வேண்டும்.

யார் பெயரைக் கொடுப்பது என்பதில்தான் அந்த ஊரின் மூளை வேலை செய்யும். ஊரில் பெரியவர் அரியமுத்து விரலை மடக்கி எண்ணுவார். இவன் துபாய் போக பாஸ்போர்ட் எழுதிப் போட்டிருக்கிறான், வேண்டாம். இவள் மகன் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பில் ஓடிக்கொண்டிருக்கிறான், வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு அங்கன்வாடி வேலை வரப்போகிறது, வேண்டாம். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால், எந்த ஆபீஸிலும் எந்தக் காரியமும் ஆக வேண்டியிராத சிலர் மிச்சம் இருப்பார்கள். முதல் தடவை செங்கமலம் அக்காவே கையைத் தூக்கியிருக்கிறார். "எனக்கு யாரு வேலை குடுக்கப் போறா, எந்தச் சீமைக்குப் போவப் போறேன்? என் பேர எழுதிக்குங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு மறியலுக்கும் முதல் பெயர் அவருடையதுதான். நாலு கேஸ் ஆயிற்று. சம்மன் வந்தால் புளிச்சோறு கட்டிக்கொண்டு மஞ்சள் பையோடு வந்து இறங்குவார். "தம்பி, இந்தத் தடவை எவ்ளோ?" என்பார். "அதே ஐந்நூறுதான்க்கா. ஒத்துக்குங்க, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்பேன். உள்ளே போய் ஒத்துக்கொள்வார். ஒரு தடவை ஃபைனோடு கோர்ட் கலையும் வரை அங்கேயே இருக்க வேண்டும் என்று தண்டனை. பின் பெஞ்சில் உட்கார்ந்து சாயங்காலம் வரை மற்றவர்கள் கேஸை எல்லாம் கேட்டுவிட்டு, "பொழுது நல்லாப் போச்சு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாவது மறியல் அந்த வருடம் ஆகஸ்டில் நடந்தது. அன்றைக்கு ஓர் அரசு பஸ்ஸின் முன் கண்ணாடி உடைந்தது. யாரோ குடத்தை எறிந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். யாரையும் கைது செய்யவில்லை, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஊரிலிருந்து போன் செய்து எவ்வளவு வரும் என்று கேட்டார்கள். நான் ஒரு காகிதத்தைக்கூடப் பார்க்காமல், "அதே ஐந்நூறு, மிஞ்சிப் போனா ஆயிரம்" என்றேன்.

ஐந்து மாதம் கழித்து கோர்ட்டில் குற்றப்பத்திரிகை நகல் கொடுத்தார்கள். அடுத்த வாய்தா இரண்டு வாரத்தில். அன்று மத்தியானம் ஆபீஸில் உட்கார்ந்து அதைப் படித்தேன். மற்ற பதினொரு பேர் மீதும் வழக்கமான மறியல் பிரிவுகள். செங்கமலம் அக்கா மீது மட்டும் கூடுதலாகப் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம். அதில் ஒத்துக்கொண்டால் குறைந்தது ஒரு வருடம் ஜெயில், ஐந்து வருடம் வரை போகலாம். அதற்குக் கீழே இறங்கிவர ஜட்ஜ் நினைத்தாலும் சுலபம் இல்லை. நான் ஐந்நூறு என்று சொல்லியிருக்கிறேன். அந்த அக்கா வந்து வழக்கம்போலத் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டுவிடும்.

கைப்பற்றிய பொருள் பட்டியலை வக்கீலிடம் படித்துக் காட்டினேன். எங்கள் வக்கீல் தாஜுதீன், லப்பைக்குடிக்காட்டுக்காரர், நிதானமான மனுஷர். "எவர்சில்வர் குடம் ஒன்று. கழுத்தில் 'செங்கமலம் அன்பளிப்பு 11.9.2016' என்று வெட்டப்பட்டுள்ளது" என்று படித்தேன்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "மணி, அன்பளிப்புன்னு பேரு வெட்டின குடம் குடுத்தவங்க வூட்ல எப்படிய்யா இருக்கும்? வாங்கினவங்க வூட்லதானே இருக்கும்?"

மறுநாளே பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். செங்கமலம் அக்கா வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறை ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, இது ஐந்நூறு ரூவா கேஸ் இல்ல. தப்பாச் சொல்லிட்டேன். ஒத்துக்கிட்டா ஒரு வருஷம் உள்ள போயிடுவீங்க."

அருவாள்மனை நின்றது. "வருஷமா?"

"ஆமா."

"திருச்சிக்கா?"

"பொம்பளைங்களுக்குத் திருச்சிதான்."

கையிலிருந்த வெங்காயத்தைக் குவியலில் போட்டார். "அப்ப வெள்ளாமைக்காரர்ட்ட வேற ஆள் பாத்துக்கச் சொல்லணும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் குடத்தை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று குரலை உயர்த்திக் கேட்டேன்.

பிறகுதான் மெதுவாகச் சொன்னார். பக்கத்து வீட்டு வளர்மதி அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்குக் கூலி வேலைக்கு வேனில் போய்வருகிறவள். காலை ஆறு மணிக்குப் போனால் இரவு ஏழுக்கு வருவாள். அவள் மகள் மணிமொழி செங்கமலம் அக்காவின் சோற்றைத் தின்றுதான் வளர்ந்தாள். அவள் பெரியமனுஷியானபோது பெரம்பலூர்ப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடம் வாங்கி, தன் பெயரை வெட்டச் சொல்லிச் சபையில் வைத்திருக்கிறார். "ரேஷன் கார்டுல பாத்ததோட சரி தம்பி. என் பேரை ஒரு பொருள்ல பாத்தது அன்னிக்குத்தான்."

மறியல் அன்று மற்றவர்கள் பிளாஸ்டிக் குடத்தோடு உட்கார்ந்திருக்க, வீட்டுப் பிளாஸ்டிக் குடம் ஓட்டை என்று மணிமொழி அந்த எவர்சில்வர் குடத்தை எடுத்து வந்திருக்கிறாள். பஸ் டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினான். முன்வரிசையில் இருந்த மருதாயிக் கிழவியின் முழங்காலில் பம்பர் இடித்தது. அவ்வளவுதான், மணிமொழியின் கையிலிருந்த குடம் பறந்து கண்ணாடி சில்லுச் சில்லாகப் போயிற்று. கூட்டம் கலைந்து மறுபடி சேர்ந்தபோது போலீஸ் குடத்தைத் தூக்கிக் கழுத்தில் இருந்த பெயரைப் படித்து, "யாரு செங்கமலம்?" என்று கேட்டது. வரிசையின் அந்தக் கோடியில், தன் நீலப் பிளாஸ்டிக் குடத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவரை, "அந்தா, அவங்கதான்" என்று கை நீட்டிக் காட்டியவள், அன்று வேலைக்குப் போகாமல் மறியலுக்கு வந்திருந்த வளர்மதி.

"அந்தப் புள்ளைக்குப் போலீஸ் வேலை வரப்போவுது தம்பி. எழுத்துப் பரீட்சை, ஓட்டம், எல்லாம் முடிஞ்சிருச்சு. பேரு கெட்டுச்சுன்னா அம்புட்டும் போச்சு. என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன், நான்தான் எறிஞ்சேன்னு. வளர்மதி கேக்கல. கையை நீட்டிக் காட்டிட்டா. அதான் தம்பி ஆறவே மாட்டேங்குது." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்தால் வந்த கண்ணீர் இல்லை அது.

"அப்ப கேஸ்ல இல்லன்னு சொல்லுங்க."

"நான் இல்லன்னா யாருன்னு தேடுவாங்கல்ல? போ தம்பி. ஒரு வருஷந்தானே."

அடுத்து நான் செய்தது ஒரு குமாஸ்தா செய்யக் கூடாத காரியம். இரவு வளர்மதி வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்து, நேராக அவள் வீட்டுக்குப் போய் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அவள் என்னைக் கேட்டாள். "ஐந்நூறு ரூவான்னுதானேண்ணே நீங்க சொன்னீங்க? அந்தக் காச நான் கட்டிரலாம்னு எடுத்து வெச்சிருக்கேண்ணே." அலமாரியில் மடித்து வைத்த ஐந்நூறு ரூபாய் நோட்டைக் காட்டினாள். உள்ளறை வாசலில் மணிமொழி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாய்தா அன்று பத்து மணிக்கே செங்கமலம் அக்கா வந்துவிட்டார். கையில் புளிச்சோற்றுப் பை இல்லை. மாற்றுப் புடவை இரண்டு வைத்த துணிப்பை இருந்தது. ஒத்துக்க வேண்டாம் என்று வக்கீலும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், அக்கா கேட்கவே இல்லை.

கூப்பிடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு மணிமொழி வந்தாள். வேர்த்து விறுவிறுத்து வந்தவள் நேராக அக்காவிடம் போனாள்.

"பெரியம்மா, நீங்க உள்ள போயி ஒத்துக்கிட்டீங்கன்னா, அடுத்த நிமிஷம் நான் எந்திரிச்சு நான்தான் எறிஞ்சேன்னு சொல்லுவேன்."

"உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? வேலை போயிரும்டி."

"போவட்டும். உங்கள உள்ள வெச்சிட்டு அந்தக் காக்கிய நான் எப்படிப் போடுறது?"

"சத்தம் போடாத. மானத்த வாங்காத."

"நீங்க ஒத்துக்காதீங்க, நான் வாயத் தொறக்கல. நீங்க ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்குவேன்." அந்தப் பெண் சும்மா மிரட்டவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, இவ சொன்னா என்ன ஆவும்?"

"வேலை போவும். கேஸும் இவ மேல வரும்."

"நான் இல்லன்னா?"

"சாட்சி வரணும். எறிஞ்சதக் கண்ணால பாத்தேன்னு யாராச்சும் சொல்லணும். நாளாகும்."

இந்தத் தடவை விலை சொல்லவில்லை. எவ்வளவு என்று எனக்கே தெரியவில்லை.

பெயர் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு பேரும் வரிசையாகப் போய் நின்றார்கள். மணிமொழி பின்பக்கக் கதவோரம் நின்றாள். எங்கள் மாஜிஸ்திரேட் அம்மா பொறுமையானவர். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் படித்துவிட்டு, நேரான தமிழில் கேட்டார். "இந்தக் குற்றங்களை ஒத்துக்கிறீங்களா? குடத்தை எறிந்து பஸ் கண்ணாடியை உடைச்ச குற்றத்துக்கு ஜெயில் தண்டனை உண்டு. தெரிஞ்சுதான் பதில் சொல்றீங்களா?"

நாலு கேஸிலும் ஒத்துக்கிறேன் என்பதைத் தவிர வேறு வார்த்தை அந்தக் கூண்டில் பேசாதவர் செங்கமலம் அக்கா. கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். கதவோரம் மணிமொழி ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தாள். அதை அக்கா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார்.

"ரோட்டுல உக்காந்தது நெசந்தாங்கம்மா. தண்ணி வரல, உக்காந்தேன். அது குத்தம்னா ஒத்துக்கிறேன்." ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். "குடத்த நான் எறியலீங்க."

வெளியே வந்ததும் வராந்தாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலை மணிமொழிதான் திறந்து கொடுத்தாள். பாதியை மேலே கொட்டிக்கொண்டு குடித்தார். துணிப்பையை நான் வாங்கிக்கொண்டேன்.

மற்ற பதினொரு பேரும் ஃபைன் கட்டிவிட்டுப் போனார்கள். அக்கா கேஸ் ஒன்பது மாதம் இழுத்தது. குடத்தில் இருக்கும் அன்பளிப்பு என்ற வார்த்தையைப் பிடித்து ஒரே கேள்வியில் கேஸை உடைத்துவிடலாம் என்று வக்கீலுக்கு ஆசை. "குடத்தப் பத்தி மட்டும் பேசாதீங்கய்யா" என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படிக் கேட்டால் அடுத்த கேள்வி யாருக்கு அன்பளிப்பு என்பதுதானே. வக்கீல் கையைக் கட்டிக்கொண்டுதான் கேஸ் நடத்தினார். நல்லவேளையாக டிரைவர் உள்ளதைச் சொன்னான். எல்லோர் கையிலும் குடம் இருந்தது, எறிந்தது யார் என்று பார்க்கவில்லை. நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை. ரோட்டில் உட்கார்ந்ததற்கு ஐந்நூறு.

உண்மையில் எறிந்தவள் இப்போது காக்கி போட்டுக்கொண்டு பயிற்சியில் இருக்கிறாள். இது சட்டப்படி சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தண்டனையின் அளவு தெரியும், சரி தப்பின் அளவு தெரியாது. ஒன்று மட்டும் மாற்றிக்கொண்டேன். காகிதத்தை முழுக்கப் படிக்காமல் இப்போது யாருக்கும் விலை சொல்வதில்லை.

கேஸ் முடிந்தபின் குடத்தைக் கோர்ட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் செங்கமலம் என்று இருந்ததால் செங்கமலத்திடமே கையெழுத்து வாங்கிக் கொடுத்தார்கள். வயிற்றில் பெரிய நெளிசல். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாராம். வளர்மதி வீட்டு வாசலில் நின்று, "உன் வூட்டுக் குடம், புடி" என்று கொடுத்தாராம். வளர்மதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். "கேட்டிருக்கணும்க்கா, உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம்.

இந்த வருடம் மார்ச் மாதம் அரியலூர் கோர்ட்டில் ஒரு வேலையாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அந்த ஊருக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. மோட்டார் மறுபடி எரிந்துவிட்டது. இறங்கி நடந்து போய்ப் பார்த்தேன். முன்வரிசையில் நீலப் பிளாஸ்டிக் குடத்தோடு செங்கமலம் அக்கா. என்னைப் பார்த்ததும், "தம்பி, இதுக்கு எவ்ளோ வரும்?" என்றார்.

"சார்ஜ் ஷீட் வரட்டும்க்கா. படிச்சிட்டுச் சொல்றேன்."

போலீஸ் வந்தது. பெயர் எழுதக் காகிதமும் வந்தது. அரியமுத்து வழக்கம்போல விரலை மடக்கிக்கொண்டு, "மொதல்ல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். வளர்மதி எழுந்து, "என் பேர எழுதுங்க" என்றாள். மகளுக்கு வேலை கிடைத்தபின் வந்த தைரியம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் அவள்தான் முதலில் எழுந்தாள்.

அரியமுத்து ரோட்டைக் கடந்து செங்கமலம் அக்கா முன்னால் வந்து நின்றார். அத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் குனிந்து கேட்டார்.

"செங்கமலம், உன் பேர எழுதிக்கலாமா?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பி அவரையே பார்த்தார்கள்.

"கேட்டீங்கள்ல, எழுதிக்குங்க" என்றார். பிறகு குடத்தை மடியில் நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.